வெளியே திறக்கும் கதவு

எங்கள் கடையில் முப்பத்திரண்டு வகைத் தாழ்ப்பாள்கள் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் ஒன்றுகூடக் கிடையாது. பன்னிரண்டு வருடமாகக் கிடையாது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து அந்தக் கதவுக்குப் பின்னால் ஐந்து நிமிடம் நின்ற பிறகு யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா நடத்துவது இரும்புச் சாமான் கடை. கல்லூரி முடித்துவிட்டுச் சும்மா இருந்த இளைய மகள் என்னை நாலு நாள் கடையில் உட்காரச் சொன்னார். அந்த நாலு நாள் ஆறு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. எனக்கும் இப்போது எந்தக் கதவுக்கு எத்தனை இஞ்ச் கீல் போட வேண்டும் என்று வாடிக்கையாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளுக்குப் பதினாறு வயதில் வலிப்பு வந்தது.

வந்த புதிதில் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். கையில் இரும்பைக் கொடு, நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அத்தை சாவிக்கொத்தோடு ஓடி வருவார். இரும்பைப் பார்த்து வலிப்பு நிற்கும் என்றால் எங்கள் பரம்பரைக்கே வந்திருக்கக் கூடாது. மாத்திரை, டாக்டர், மறுபடி மாத்திரை என்று போய்க்கொண்டிருந்தபோது, பத்தொன்பதாவது வயதில் ஒருநாள் காலை அக்கா குளியலறைக்குள் விழுந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கடையிலேயே கெட்டியான எட்டு இஞ்ச் தாழ்ப்பாள். சொந்த வீட்டுக்கு மட்டமான சாமான் போடலாமா என்று அப்பாவே பொறுக்கி எடுத்துத் தன் கையால் பொருத்தியது. அதை உடைத்தாகிவிட்டது. ஆனால் அது உள்பக்கம் திறக்கிற கதவு. அக்கா அதன்மேல் கிடந்தாள். தள்ளினால் அவளைத்தான் தள்ள வேண்டும். கடப்பாரையால் நிலையைப் பெயர்த்து உள்ளே போகப் பதினொரு நிமிடம் ஆனது. அக்காவுக்கு நெற்றியில் ஆறு தையல் போட்டார்கள். அப்பாவுக்கு எங்கே கிழிந்தது என்று யாரும் பார்க்கவில்லை, அதனால் தையலும் போடவில்லை.

அன்று மாலையே அம்மா சட்டம் போட்டாள். கதவில் தாழ்ப்பாள் கூடாது. உள்ளே இருக்கும்வரை அக்கா பாடிக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு நின்று, மூன்று எண்ணுவதற்குள் மறுபடி குரல் வராவிட்டால் வெளியே இருப்பவர் கதவைத் திறக்கலாம். தலையில் கட்டோடு இதைக் கேட்ட அக்கா ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னாள். அவள் பாட வேண்டுமென்றால் வீட்டில் எல்லோரும் பாட வேண்டும். அம்மாவும் சரி என்றுவிட்டாள். இப்படித்தான் நாங்கள் பாடகர் குடும்பமானோம்.

அப்பாவுக்குப் பாட்டு சுட்டுப் போட்டாலும் வராது. அதனால் கடைச் சரக்கை ஒப்பிப்பார். "ஒரு இஞ்ச் கீல், ஒன்றரை இஞ்ச் கீல், ரெண்டு இஞ்ச் கீல், ரெண்டரை இஞ்ச் கீல், மூணு இஞ்ச் கீல், நாலு இஞ்ச் கீல்" என்று ஆரம்பித்து, ஆணிக்குப் போய், கொக்கி, கைப்பிடி, பூட்டு என்று கடையை ஒரு சுற்றுச் சுற்றி, "ஆறு இஞ்ச் தாழ்ப்பாள்" வரும்போது தலையைத் துவட்டுவார். பூட்டு வந்ததும் அம்மா டீக்குத் தண்ணீர் வைப்பாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் பட்டியல் ஒருநாளும் தப்பியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். எட்டு இஞ்ச் தாழ்ப்பாளை மட்டும் அவர் சொல்ல மாட்டார். கடையிலும் அந்தச் சரக்கு இல்லை. கேட்டு வருபவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவார்.

அம்மா பாடுவதில்லை, திட்டுவாள். முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்டே சொல்வாள். பெரியப்பாவிலிருந்து பால்காரர் வரை யாருக்கும் தப்பிக்க வழியில்லை. நான் செய்தி வாசிப்பேன். "சமையலறையில் நேற்று காணாமல் போன பெரிய கரண்டி இன்னும் கிடைக்கவில்லை. இது குறித்துக் கருத்துச் சொல்ல அக்கா மறுத்துவிட்டார்." அக்கா மட்டும்தான் உண்மையிலேயே பாடுவாள். சொந்தமாகக் கட்டிய பாட்டுகள். பெரும்பாலும் என் மூக்கைப் பற்றியவை.

விருந்தாளிகளிடம் அம்மா முன்கூட்டியே சொல்லிவிடுவாள், உள்ளே போனால் கொஞ்சம் பேசிக்கொண்டே இருங்கள் என்று. அதைக் கேட்டதும் பலருக்கு அவசரம் நின்றுவிடும். பக்கத்து வீட்டு அத்தை எங்கள் வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அரட்டை அடித்தாலும், கை கழுவுவதற்குத் தன் வீட்டுக்குத்தான் ஓடுவார்.

அக்கா ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போடுகிறாள். முதலாளி ஒரு பெண் இன்ஜினியர். ஐம்பத்தைந்து வயது, கணீர் என்ற குரல், காரின் பின் சீட்டில் எப்போதும் இரண்டு ஹெல்மெட். வீட்டில் நாங்கள் அவரை இன்ஜினியரம்மா என்போம். அக்காவுக்கு வலிப்பு உண்டு என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவருக்குத் தெரியும். அது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆபீஸ் பையனிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டுப் பாடம் எடுக்கச் சொன்னதும் அவர்தான். அந்த இன்ஜினியரம்மா ஆறு மணி நேர ரயில் தூரத்தில் இன்னொரு நகரத்தில் கிளை தொடங்கினார். அங்கே வரைபடப் பிரிவைப் பார்த்துக்கொள்ள அக்காவைக் கூப்பிட்டார். தங்க இடம் பார்த்தாயிற்று. பக்கத்து அறையில் அதே அலுவலகத்துப் பெண் ஒருத்தி இருப்பாள்.

அக்காவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. டாக்டரும் போகலாம் என்று சொல்லிவிட்டார், மாத்திரையும் தூக்கமும் தவறாமல் இருந்தால். அக்கா இரண்டு வாரமாகத் தரையில் நடக்கவில்லை. குளியலறையில் என் மூக்கை விட்டுவிட்டு அந்த ஊர் ரயில் நிலையத்தைப் பற்றிப் பாடினாள்.

அப்பா முடியாது என்று சொல்லவில்லை. முடியாது என்பதை அவர் எப்போதும் வாயால் சொல்வதில்லை. கடைக்குப் போய் ஆணிகளை அளவு வாரியாகப் பிரிக்க ஆரம்பிப்பார். ஏற்கெனவே பிரித்து வைத்த ஆணிகளை. இந்த முறை நாலு நாள் பிரித்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார், அங்கே குளிக்கும்போது வெளியே யார் நிற்பார்கள் என்று. அக்கா எழுந்து போய்விட்டாள்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் யாராவது போட்டுக்கொடுப்பதற்குள். எனக்கும் அவள் போவது பிடிக்கவில்லை. அப்பாவுக்குப் பயம். எனக்குப் பயம் பாதி, சுயநலம் பாதி. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு சண்டை போடுவது?

அப்பாவிடம் பேச இன்ஜினியரம்மாவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தார். சைட்டிலிருந்து நேரே வந்ததால் கையெல்லாம் சிமெண்ட். வந்ததும் குளியலறை எங்கே என்று கேட்டு, காட்டிய திசையில் போய்விட்டார். பேசிக்கொண்டே இருக்கச் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பரபரப்பில் அம்மாவுக்கு மறந்துபோனது. அம்மாவுக்கு மட்டுமல்ல, எங்கள் எல்லோருக்கும்.

அம்மா சமையலறையில் இருந்தாள். அப்பா நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தம் நின்றது. பட்டென்று ஏதோ விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

எங்கள் வீட்டில் விழுகிற சத்தமும் அதற்குப் பின்னால் அமைதியும் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூன்று எண்ணினோமா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. மூன்று பேரும் ஓடினோம். நடையில் டீத் தட்டோடு ஒருத்தி குறுக்கே நின்றாள். அவளை அம்மா ஒரு பக்கம் இடித்தாள், நான் மறுபக்கம் இடித்தேன், அப்பா தட்டுக்கு அடியில் குனிந்து போனார். கதவைத் திறந்தோம். தரையில் ஒரு பெண் குனிந்து கிடந்தார். அவ்வளவு போதும் எங்களுக்கு. அம்மா தோளைப் பிடித்து இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். நான் துண்டை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்தேன், வாளியை நகர்த்தினேன், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினேன். அப்பா வாசலில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து, ரெண்டு மணி பதினேழு என்று சத்தமாகச் சொன்னார். எல்லாம் சேர்ந்து பத்து விநாடிகூட ஆகியிருக்காது.

"என் கண்ணாடி..." என்றார் தரையில் கிடந்தவர்.

"பேசாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று அம்மா அவர் முதுகைத் தடவினாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலைங்க. கண்ணாடி கீழ விழுந்துடுச்சு. தேடிக்கிட்டு இருந்தேன்."

அப்போதுதான் அம்மா அந்த முகத்தைப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் நாங்கள் மூவரும் திரும்பி நடையைப் பார்த்தோம். நாங்கள் இடித்துத் தள்ளிவிட்டு வந்த டீத் தட்டுக்காரி அக்கா. தட்டில் நாலு கோப்பையும் கவிழ்ந்து, டீ அவள் முழங்கை வழியாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் சிரித்தது இன்ஜினியரம்மா. ஈரத் தரையில் படுத்தபடியே, அந்தக் கணீர்க் குரலில், குளியலறை அதிரும்படி சிரித்தார். முப்பது வருடமாகச் சைட்டில் நிற்கிறாராம், ஒருமுறை சாரத்திலிருந்தே விழுந்திருக்கிறாராம், அப்போதுகூட இவ்வளவு வேகமாக யாரும் வந்ததில்லையாம். அம்மா வெட்கத்தில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நான் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மட்டும் இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

அக்காவும் சிரித்தாள். ஆனால் எங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டாள்.

"யாருக்காக இப்படி ஓடினீங்க?" என்று கேட்டாள். "எனக்காகத்தானே? நான் இங்கதான் நிக்கிறேன். என்னை இடிச்சுத் தள்ளிட்டுத்தான் போனீங்க."

நான் அவள் கையிலிருந்த தட்டை வாங்கினேன். அது ஒன்றுதான் எனக்கு அப்போது செய்யத் தெரிந்தது.

இன்ஜினியரம்மா எழுந்து, வாளிக்குப் பின்னால் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கதவை இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், உங்கள் மகள் ஆபீஸில் போடுகிற வரைபடத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். ஆறு வருடத்தில் நாற்பது வீடு வரைந்திருக்கிறாள், நாற்பதிலும் குளியலறைக் கதவு வெளியேதான் திறக்கும் என்றார் இன்ஜினியரம்மா. நடையில் இடிக்கும், அழகாக இருக்காது என்று வீட்டுக்காரர்கள் மல்லுக்கு நிற்பார்களாம். அவள் நடையை அகலப்படுத்தி, சுவரை நகர்த்தி, எப்படியாவது சம்மதிக்க வைத்துவிடுவாளாம். வேறு எதிலும் இப்படிப் பிடிவாதம் பிடிக்காத பெண் இதில் மட்டும் ஏன் என்று ஆபீஸில் யாருக்கும் புரியவில்லையாம்.

"இன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது" என்றார்.

அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த ஊரைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்ஜினியரம்மா இரண்டாவது தடவை போட்ட டீயைக் குடித்துவிட்டு, பதில் சொல்ல ஒரு மாதம் நேரம் கொடுத்துவிட்டுப் போனார். போவதற்கு முன் மறுபடி கை கழுவப் போனவர், யாரும் சொல்லாமலேயே கட்டட விதிகளை உரக்க ஒப்பித்தபடி கழுவினார்.

மறுநாள் கடையில் ஒருவர் பழைய மாடல் கைப்பிடி கேட்டு வந்தார். அது மேல் தட்டில் இருக்கும். நான் ஏணி போட்டு ஏறி, பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கை விட்டேன். ஒரு சின்ன அட்டைப் பெட்டி தட்டுப்பட்டது. தூசியைத் துடைத்தால், அப்பாவின் கோழிக் கிறுக்கல். 'வீட்டுக்கு. விற்கக் கூடாது.' தேதியும் போட்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

உள்ளே ஒரு குளியலறைப் பூட்டு. இப்போது கடை முழுக்க விற்கிற சாதாரணச் சாமான்தான். உள்ளிருந்து திருகினால் பூட்டிக்கொள்ளும். வெளியே ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அவசரமென்றால் அதில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். அந்த வகை முதன்முதலாக வந்தபோதே அப்பா ஒன்றை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். கைப்பிடி கேட்டு வந்தவர் கீழேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டார். நான் ஏணியின் மேலேயே உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெட்டியை நான் அப்பாவிடம் அன்றே நீட்டியிருக்க வேண்டும். நீட்டவில்லை. இருந்த இடத்திலேயே வைத்து, முன்னால் இரண்டு பெயிண்ட் டப்பாவை நகர்த்தி வைத்தேன். இந்தப் பூட்டு கதவில் ஏறினால் அக்கா ரயில் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் காலை அக்கா குளிக்கும்போது வழக்கம்போல் பாட்டு வந்தது. வார்த்தையே இல்லாத பாட்டு. என் மூக்கும் இல்லை, ரயில் நிலையமும் இல்லை. மூன்று எண்ணுவதற்குள் குரல் வர வேண்டும் என்பதற்காக மட்டும் வந்த குரல்.

அன்று மதியம் பெட்டியை அப்பாவின் மேசையில் வைத்தேன். அவர் அதைத் திறக்கவில்லை.

"வாங்கிட்டேன். மாட்டக் கை வரல" என்றார். பெட்டியின் மூடியைத் துடைத்துவிட்டு, "ரெண்டு தடவ வீட்டுக்குக் கொண்டு போய்த் திரும்பக் கொண்டு வந்திருக்கேன்" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா கடையைத் திறக்கவில்லை. உளி, இழைப்புளி, துளை போடும் துரப்பணம் எல்லாம் வீட்டுக்கு வந்தன. உள்ளே திறக்கிற கதவை வெளியே திறக்க வைப்பது லேசான வேலை இல்லை. நிலையைச் செதுக்க வேண்டும், கீலை மறுபக்கம் மாற்ற வேண்டும். அக்கா வரைந்து கொடுத்தாள். அப்பா செதுக்கினார். நான் திருகாணி எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். மரத்தூள் சாப்பாட்டில் விழுகிறது என்று அம்மா மணிக்கொரு முறை முறையிட்டாள். மூன்று இஞ்ச் கீல் மூன்று வைத்துக் கதவை மாட்டியபோது மாலை ஐந்து மணி. பூட்டையும் பொருத்திவிட்டு, ஒரு நாணயத்தில் துளை போட்டு, நூல் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார் அப்பா. பிறகு நாங்கள் நாலு பேரும் மாறி மாறி உள்ளே போய்ப் பூட்டுவதும், வெளியே இருந்து நாணயத்தால் திறப்பதுமாகக் குழந்தைகள் மாதிரி அரை மணி நேரம் விளையாடினோம். அம்மா நாலு விநாடியில் திறந்தாள். அவளை யாராலும் முந்த முடியவில்லை.

அப்பா ஒரு நிபந்தனை போட்டார். மூன்று வாரம் பூட்டிக்கொண்டு குளிக்கட்டும், ஆனால் பாட்டு இருக்க வேண்டும். அது முடிந்து பார்க்கலாம் என்றார். அக்காவும் ஒத்துக்கொண்டாள். முதல் நாள் பூட்டு திருகும் சத்தம் கேட்டபோது உள்ளேயிருந்து அவள் சிரித்தது தெருவுக்கே கேட்டிருக்கும். என் மூக்கு மறுபடி பாட்டுக்குள் வந்துவிட்டது. இந்த முறை பூட்டுக்குள் மாட்டிக்கொண்ட மூக்கு.

ஐந்தாம் நாள் காலைச் சாப்பாட்டில் வலிப்பு வந்தது.

குளியலறையில் இல்லை. மேசையில், எங்கள் மூன்று பேருக்கும் நடுவில், அம்மாவிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தபோது. கையிலிருந்த டம்ளர் விழுந்தது. அப்பா அவள் விழாமல் தாங்கினார், அம்மா சாய்த்தாள், நான் துண்டு வைத்தேன், நேரம் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து விநாடி. அது எத்தனை தடவை பார்த்தாலும் பழகுவதில்லை. நின்ற பிறகு அவளைப் படுக்க வைத்தோம். டாக்டருக்குப் போன் செய்தோம். மாத்திரையை அளவு மாற்றித் தருகிறேன், நாளை அழைத்து வாருங்கள், பதறாதீர்கள் என்றார். பதினான்கு மாதக் கணக்கு போய்விட்டதே என்று எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அக்கா எழுந்தபோது மதியம் ஆகிவிட்டது. நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. எழுந்து வந்தவள் நடையில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையில் ஸ்க்ரூடிரைவரோடு குளியலறைக் கதவின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பூட்டின் முதல் திருகாணி தரையில் கிடந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து போய் அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இது பூட்டுக்குப் பின்னாடி வரல. உங்க மூணு பேருக்கு முன்னாடி வந்துச்சு."

அப்பா திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களால நிறுத்த முடிஞ்சுதா?"

"இல்லம்மா."

"என்ன பண்ணீங்க?"

"திருப்பிப் படுக்க வச்சோம். நேரம் பாத்தோம்."

"அதை அங்க இருக்கிற பொண்ணும் பண்ணுவா. நான் சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள் அக்கா. வாயைத் துடைத்துக்கொண்டாள். "இது போறபோது போகட்டும்ப்பா. போகாமலும் இருக்கலாம். அதுவரைக்கும் நான் பாடிக்கிட்டே இருக்க முடியாது."

அப்பா தரையிலிருந்து திருகாணியை எடுத்தார். மறுபடி துளையில் வைத்தார். ஸ்க்ரூடிரைவர் இரண்டு முறை நழுவியது. அக்கா அவர் கையோடு கை வைத்துத் திருகினாள். அம்மா சமையலறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். எனக்கு அக்காவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஆனால் நாங்கள் அப்படிப்பட்ட அக்கா தங்கை இல்லை. அன்று முழுக்க அவள் எது கேட்டாலும் சண்டை போடாமல் எடுத்துக் கொடுத்தேன். என்ன ஆச்சு உனக்கு என்று அவளே பயந்துவிட்டாள்.

பத்து நாள் போயிற்று. புது அளவு மாத்திரை ஒத்துக்கொண்டது. பதினோராம் நாள் காலை அக்கா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையில் நின்று எங்கள் மூவரையும் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு நான் பாடப் போறதில்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. பூட்டு திருகியது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அம்மா நாணயத்தை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் இறுக்கி வைத்துக்கொண்டாள். நான் மூன்று எண்ணினேன். மறுபடி மூன்று எண்ணினேன். அந்தக் குளியலறையில் ஒரு குரலும் இல்லாமல் அவள் இருந்ததை நான் பன்னிரண்டு வருடத்தில் கேட்டதேயில்லை. சோப்பு தேய்க்கிற சத்தம்கூட வெளியே வராது என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும். அம்மா ஒரு அடி முன்னால் வைத்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். நிறுத்திய கையை எடுக்கவில்லை. அவருக்கும் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம் அவர் வாய் தானாக அசைய ஆரம்பித்தது. முதலில் முணுமுணுப்பு, பிறகு கொஞ்சம் சத்தமாக.

"ஒரு இஞ்ச் கீல்... ஒன்றரை இஞ்ச் கீல்... ரெண்டு இஞ்ச் கீல்..."

உள்ளே அமைதி.

"ரெண்டரை இஞ்ச் கீல்... நாலு இஞ்ச் கீல்... ஆணி, அரை இஞ்ச்..."

"அப்பா" என்றது உள்ளேயிருந்து குரல், நிதானமாக, தலையில் சோப்பு இருக்கிற ஆளின் குரலில். "மூணு இஞ்ச் கீல விட்டுட்டீங்க."

அம்மா அப்படியே நடையில் உட்கார்ந்துவிட்டாள். கையிலிருந்த நாணயத்தை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். அழுதாள் என்றும் சொல்லலாம், எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். உள்ளே குழாய் திறந்தது. தண்ணீர் சந்தோஷமாகக் கொட்டியது. அதற்கப்புறம் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை, அவள் வெளியே வர இன்னும் பத்து நிமிடம் ஆனது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"கடைக்குப் போனதும் மூணு இஞ்ச் கீல் மூணு எடுத்துத் தனியா வை" என்றார். "அவ போற வீட்டுல கதவு எந்தப் பக்கம் தொறக்குதோ என்னவோ."